பின்களத்தில் நின்றவர்

கோல் போட்டவரை ஊர் ஞாபகம் வைத்திருக்கும். கோல் விழாமல் பார்த்துக்கொண்டவரை ஞாபகம் வைப்பது கடினம். அவருடைய நல்ல நாள் என்பது எதுவுமே நடக்காத நாள். வி. பி. சத்யனைப் பற்றி எழுத உட்காரும்போதெல்லாம் இந்த இடத்தில் பேனா நின்றுவிடுகிறது. அவர் பின்கள வீரர். எங்கள் பக்கத்துப் பேச்சில் ‘பேக்’. தொண்ணூறுகளின் முதல் பாதியில் இந்திய உதைபந்தாட்ட அணியின் தலைவர். கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்தில், சொக்லிக்குப் பக்கத்தில், 1965 ஏப்ரல் 29இல் பிறந்தவர். 2006 ஜூலை 18இல் சென்னையில் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். வயது 41.

எப்படி என்பதை அந்த வாரத்துப் பத்திரிகைகள் எழுதின. நான் எழுதப்போவதில்லை. இலங்கை மலையகத்தில் இருந்துகொண்டு அந்த விவரத்தை எழுத மனம் வரவில்லை. இங்கே அது எங்கோ நடந்த செய்தி அல்ல, அடுத்த லயத்துச் செய்தி.

*

நானுஓயா ரயில் நிலையம் கடல் மட்டத்திலிருந்து 1,600 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. சமநிலம் என்று ஒன்று இங்கே தானாகக் கிடையாது. யாராவது மலையை வெட்டி உண்டாக்க வேண்டும். ஃபேக்டரிக்கு வெட்டினார்கள். துரை பங்களாவுக்கு வெட்டினார்கள். பங்களாவின் டென்னிஸ் கோர்ட்டுக்கும் வெட்டினார்கள். லயத்துப் பிள்ளைகளின் மைதானம் மிச்சத்தில் வந்தது. ரதல்லையில் வெள்ளைக்காரத் துரைமார் காலத்து டிம்புள்ள கிளப்பின் மைதானம் இருக்கிறது. தலவாக்கலை பஸ்ஸில் போகும்போது நாங்கள் எல்லோரும் ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்ப்போம். அப்படி ஒரு புல். தோட்டத்து மைதானம் வேறு. ஒரு கோல் மேலே, ஒரு கோல் கீழே. இடைவேளைக்குப் பிறகு பக்கம் மாறுவது இங்கே சம்பிரதாயத்துக்காக அல்ல, நியாயத்துக்காக.

கீழ்க் கோலைக் காக்கிற பேக்குக்குத்தான் பாடு அதிகம். எதிர்த் தரப்புக்காரனோடு சேர்ந்து சரிவும் அவனை நோக்கி வரும். அவனைத் தாண்டிப் போன பந்து தேயிலைக்குள் இறங்கி, வடிகான் வழியாக எங்கேயோ போய் நிற்கும். பந்தைத் தேடிப் போகிறவனும் பெரும்பாலும் அவன்தான். முன்னால் ஆடுகிறவர்கள் அதுவரை இடுப்பில் கைவைத்து நின்று மூச்சு வாங்குவார்கள். மிஸ்ட் இறங்கிவிட்டால் நடுக்கோட்டில் இருப்பவனுக்குப் பின்னால் என்ன நடக்கிறதென்று தெரியாது, சத்தத்தை வைத்துத்தான் ஊகிப்பான்.

*

சத்யனின் தலைமுறைக்குப் பந்து வேலை வாங்கிக் கொடுத்தது. இதை இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால் கதை மாதிரி கேட்கிறார்கள். எண்பதுகளின் நடுவில் கேரள பொலிஸ் ஓர் அணியைக் கட்டியது. சத்யன், ஐ. எம். விஜயன், சி. வி. பாப்பச்சன், யு. ஷரஃபலி, குரிகேஷ் மாத்யூ, கே. டி. சாக்கோ. சட்டைக்குப் பொலிஸ் சட்டை, சம்பளத்துக்கு அரசாங்கச் சம்பளம், வேலை மைதானத்தில். விஜயன் சிறு வயதில் திருச்சூர் மைதானத்தில் சோடாப் போத்தல் விற்றவர். ஒரு போத்தலுக்குப் பத்துப் பைசா கிடைக்கும். அந்தப் பையனுக்கு மாதச் சம்பளம் வருகிறது என்பது என்ன பெரிய காரியம் என்று நாட்சம்பளத்தில் வளர்ந்தவனுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

1990இல் திருச்சூரிலும் 1991இல் கண்ணூரிலும் அந்தப் பொலிஸ் அணி ஃபெடரேஷன் கிண்ணத்தை வென்றது. கல்கத்தாவின் பெரிய கிளப்புகளும் கோவாவின் பணக்கார கிளப்புகளும் ஆண்ட போட்டி அது. 1992இல் சந்தோஷ் கிண்ணம். இறுதி ஆட்டம் தமிழ்நாட்டில், கோயம்புத்தூரில். சத்யன் தலைவர். கோவாவை 3–0 என்று வென்றார்கள். 1973க்குப் பிறகு கேரளத்துக்குக் கிடைத்த முதல் சந்தோஷ் கிண்ணம். எதிரணிக்குப் பூச்சியம் என்பதில் பேக்கின் பங்கு எவ்வளவு என்று யாரும் கணக்கெடுப்பதில்லை. மூன்று கோலையும் யார் போட்டார்கள் என்றுதான் கேட்பார்கள்.

கல்கத்தாவிலும் ஆடினார். மொஹமடன் ஸ்போர்ட்டிங், மோஹன் பகான். அதன் பிறகு சென்னை, இந்தியன் வங்கி. முதலில் வீரர், பின்னர் பயிற்சியாளர். பொலிஸ் வேலை, வங்கி வேலை என்று வரிசையாகச் சொல்லும்போது பத்திரமான வாழ்க்கை போலத்தான் தெரிகிறது. என்னை உறுத்துவதும் இதுதான். பட்டினியால் முடிந்த கதையாக இருந்தால் நமக்கு ஒரு காரணம் கிடைத்துவிடும். நிவாரணம் கொடுத்திருந்தால் பிழைத்திருப்பார் என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடலாம். சத்யனுக்குச் சம்பளம் இருந்தது.

*

தோட்டமும் பந்தும் பற்றி ஒரு குறிப்பு. மூணாற்றில் ஃபின்லே கேடயம் என்று ஒரு போட்டி 1940களிலிருந்து நடக்கிறது. தேயிலைக் கம்பெனி வைத்த கேடயம், தோட்டத்துக்குத் தோட்டம் ஆடுகிற ஆட்டம், ஆடுகிறவர்களில் பெரும்பாலானோர் தமிழ்த் தொழிலாளர்கள். சத்யனின் அதே கேரளத்தில், எங்களைப் போன்றவர்கள், எங்களைப் போன்ற சரிவில்.

பிரேசிலிலும் இந்தக் கதை உண்டு. கரிஞ்சா பிறந்த பாவ் கிராண்டி ஒரு துணி மில்லின் ஊர். வீடு மில்லுடையது, பள்ளிக்கூடம் மில்லுடையது, உதைபந்தாட்டக் கிளப்பும் மில்லுடையது. பதினாலு வயதில் மில்லில் சேர்ந்தவர், வேலையில் மகா சோம்பேறி. கிளப்புக்காக ஆடுகிறார் என்பதால்தான் வைத்துக்கொண்டார்கள். ஒரு கால் உள்ளே வளைந்தது, ஒரு கால் வெளியே. அந்தக் காலோடு 1958இலும் 1962இலும் உலகக் கிண்ணம். 1962இல் பெலே காயப்பட்டு ஒதுங்கிய பிறகு பிரேசிலைத் தூக்கிக்கொண்டு போனவர் அவர். பொட்டபோகோ கிளப் எழுதப்படாத தாளில் அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, சம்பளத்தைப் பிறகு நிரப்பிக்கொண்டது. 1983 ஜனவரியில், 49 வயதில், குடியால் இறந்தார். அடக்கம் செய்ய பாவ் கிராண்டிக்குக் கொண்டுபோனபோது வழியெல்லாம் சனம். அவர் குடித்துக்கொண்டிருந்த வருஷங்களில் அந்தச் சனம் எங்கே போயிருந்தது என்று கேட்கத் தோன்றும். கேட்பதில் அர்த்தமில்லை. சனம் மைதானத்துக்கு வரும், சவ ஊர்வலத்துக்கு வரும். நடுவில் இருக்கிற வருஷங்களுக்கு வருவதற்கு அதற்கு வழி தெரியாது.

மில்லும் தோட்டமும் ஒரே புத்திதான். வீட்டைக் கொடுப்பவனே வேலையையும் கொடுத்து, விளையாட்டையும் கொடுத்தால், கால் போகும்போது மூன்றும் ஆட்டம் காணும். எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள்: நல்ல கோல்காரனாக இருந்தால் பெரட்டுக் களத்தில் கணக்கப்பிள்ளை அவனுக்கு இலேசான வேலையாகப் பார்த்துப் போடுவார், போட்டிக்கு முந்திய நாள் கான் வெட்ட அனுப்பமாட்டார். அடுத்த வருஷம் முட்டி போய்விட்டால் அதே ஆளுக்குக் கான் வெட்டத்தான் பேர் விழும்.

*

1995ஐப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த வருஷம் கொழும்பில் நடந்த தெற்காசியக் கிண்ணத்தின் இறுதி ஆட்டத்தில் இலங்கை 1–0 என்று இந்தியாவை வென்றது. இலங்கை இன்றுவரை வென்ற ஒரே தெற்காசியக் கிண்ணம். அதே வருஷம் டிசம்பரில் மதராஸில் தெற்காசிய விளையாட்டுப் போட்டி. அங்கே சத்யனின் தலைமையில் இந்தியா பங்களாதேஷை வென்று தங்கம் எடுத்தது. 1996 பெப்ரவரியில் இந்தியா ஃபீஃபா தரவரிசையில் 94ஆம் இடத்தைத் தொட்டது. அதற்கு மேலே இந்தியா இதுவரை ஏறவில்லை. அந்த ஏற்றத்தைக் கட்டிய பேக் சத்யன். அதே மாதங்களில் இரண்டு நாட்டிலும் எல்லோரும் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தோம். 1996 மார்ச்சில் லாகூரில் உலகக் கிண்ணம் எங்களுடையதானது. யாரையும் குறை சொல்வதற்கில்லை. நானும் வெடி கொளுத்தியவன்தான்.

1995க்கு இன்னொரு முகமும் உண்டு. இலங்கையில் தற்கொலை விகிதம் உச்சத்தில் இருந்தது அந்த வருஷந்தான். லட்சம் பேருக்கு 47 பேர் அளவில். உலகத்திலேயே மிக மோசமான நாடுகளில் ஒன்றாக இருந்தோம். பின்னர் கடும் நஞ்சுள்ள பூச்சிகொல்லிகளை ஒவ்வொன்றாகத் தடைசெய்தார்கள். விகிதம் மளமளவென்று இறங்கி, இருபது வருஷத்தில் பாதிக்கும் கீழே வந்தது. மனிதர்களின் துயரம் பாதியாகிவிட்டது என்று அர்த்தம் இல்லை. அந்த ஒரு கெட்ட மணி நேரத்தைத் தாண்டவிட்டால் பெரும்பாலானவர்கள் பிழைத்துக்கொள்கிறார்கள் என்பதுதான் அதில் தெரிவது. எனக்குத் தெரிந்த ஆறுதலான புள்ளிவிபரங்களில் இது முதலாவது.

*

வலி. சத்யனின் காலில் பட்ட காயங்கள் அவரை விடவில்லை. முழங்கால் வலியோடும் மனச்சோர்வோடும் அவர் கடைசி வருஷங்களைக் கழித்தார் என்று நெருங்கியவர்கள் பிறகு சொன்னார்கள். இதில் ‘பிறகு’ என்பதை நான் கோடிட்டு வைத்திருக்கிறேன்.

பேக்கின் உடம்பு வேறு விதமாகத் தேயும். முன்கள ஆள் ஓடித் தேய்கிறான். பேக் மோதித் தேய்கிறான். ஒவ்வொரு மோதலிலும் அவன் வெளியே காட்டுவது ஒன்றுதான்: எனக்கு வலிக்கவில்லை. எதிராளி அதைப் பார்த்துத்தான் பயப்பட வேண்டும். இருபது வருஷம் இதையே பழகியவன், ஒரு நாள் வீட்டில் உட்கார்ந்து, எனக்கு வலிக்கிறது என்று எந்த வாயால் சொல்வான்? அதிலும் தலைவனாக இருந்தவன். டீமில் மற்றவனுடைய வலியைக் கேட்பது தலைவனின் வேலை. தலைவனுடையதைக் கேட்க டீமில் யாருக்கும் வேலை கொடுக்கப்படவில்லை.

எங்கள் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பழைய பேக் ஒருவர் இருக்கிறார். இப்போது ஃபேக்டரியில் இரவு வாட்சர். அவர் ஆடிய காலத்தில் கொழும்பிலிருந்து கிளப்காரர்கள் கூப்பிட்டார்களாம். கொழும்பு என்றால் எப்படி? பகலில் புறக்கோட்டையில் கடை வேலை, பின்னேரம் கிளப் ஆட்டம். ஆமி, நேவி, பொலிஸ் அணிகளுக்குப் போனால்தான் நிரந்தரச் சம்பளம். எங்கள் பிள்ளைகள் அந்தப் பக்கம் போனது குறைவு. 1948இல் குடியுரிமையைப் பறிகொடுத்த சனத்துக்கு, அரசாங்க உடுப்புப் போடுவது பல காலம் நினைத்தே பார்க்காத காரியம். கேரளத்துச் சத்யனுக்குத் திறந்த கதவு எங்கள் பக்கம் இருக்கவேயில்லை என்று எழுதிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன். திறந்த கதவும் அவரைக் காப்பாற்றவில்லை.

ஒரு நாள் பையன்கள் அந்தப் பழைய பேக்கிடம் போனார்கள்.

“மாமா, ஞாயித்துக்கெழம கிரவுண்டுக்கு வாங்களேன். பேக்குக்கு நிக்கிறவனுங்களுக்கு ஏதாச்சும் சொல்லிக் குடுங்க.”

“என்னாத்த சொல்லிக் குடுக்கிறது தம்பி. முட்டி மடங்க மாட்டேங்குது. கிரவுண்டுக்கு ஏறவே முடியாது.”

“நாங்க தூக்கிட்டுப் போறோம் மாமா.”

“செத்தாத்தான் தூக்கணும். போங்கடா.”

பையன்கள் சிரித்துவிட்டு வந்துவிட்டார்கள். நானும் அங்கேதான் இருந்தேன். சிரிக்கிற பேச்சு மாதிரித்தான் அவரும் சொன்னார். எங்கள் லயங்களில் இப்படிப் பேசுவது சாதாரணம், அதனால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

*

2006 ஜூலை 9இல் பெர்லினில் உலகக் கிண்ண இறுதி ஆட்டம். சிடான் தலையால் முட்டியதைப் பற்றி உலகம் முழுக்கப் பேச்சு. நானுஓயாக் கடைகளிலும் அதேதான். அந்த இத்தாலிக்காரன் என்ன சொல்லியிருப்பான் என்று ஆளுக்கொரு கதை. மாற்றராசி ஒரு பேக் என்பதை அப்போது யாரும் பொருட்படுத்தவில்லை. ஒன்பது நாள் கழித்துச் சென்னையில் சத்யன் போய்விட்டார். கேரளத்துக்கு வெளியே அது சின்னச் செய்தி.

ஜேர்மனியில் ரொபேர்ட் என்கே. ஹனோவர் 96 கிளப்பின் கோல்காப்பாளர், ஜேர்மன் அணிக்கும் ஆடியவர். 2009 நவம்பர் 10இல் அவரும் சத்யனைப் போலப் போய்விட்டார், வயது 32. பல வருஷம் மனச்சோர்வுக்குச் சிகிச்சை எடுத்திருக்கிறார். கூட ஆடியவர்களுக்குத் தெரியாது. தெரிந்தால் இடம் போய்விடும், தத்தெடுத்த பிள்ளையையும் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயந்திருக்கிறார். மறுநாளே அவருடைய மனைவி தெரேசா பத்திரிகையாளர்கள் முன்னால் உட்கார்ந்து, வைத்தியரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இது ஒரு நோய், இதை நாங்கள் மறைத்தோம் என்று வெளிப்படையாகச் சொன்னார். அடுத்த ஜனவரியில் என்கேயின் பெயரில் ஓர் அறக்கட்டளை தொடங்கியது. ஜேர்மன் உதைபந்தாட்டச் சங்கமும் கிளப்பும் அதில் பங்கு. இன்று அங்கே ஒரு வீரர் மனநலத்துக்கு வைத்தியரைத் தேடினால் எங்கே போவது என்று கேட்க இடம் இருக்கிறது.

என்கேயும் காக்கிற ஆள். கோல்காப்பாளரும் பேக்கும் ஒரே குடும்பம். அவர்களுடைய தவறு மட்டும் எண்ணிக்கையில் வரும். சோர்வு நோய்க்கும் இப்படி வாழ்வதற்கும் நேரடித் தொடர்பு என்று நான் சொல்லவில்லை; முன்கள வீரர்களுக்கும் அந்த நோய் வரும், கொழுந்து பறிக்கிற அக்காவுக்கும் வரும். ஆனால் மறைக்கப் பழகிய தொழில்கள் சில உண்டு. அவற்றில் நோய் நெடுநாள் ஒளிந்திருக்கும்.

1926 என்ற இலக்கத்தை வைத்தியசாலைச் சுவரில் பார்த்து எழுதி வைத்திருக்கிறேன். தேசிய மனநல உதவித் தொலைபேசி. எங்கள் தோட்டத்து மைதானத்தில் கோல் கம்பத்துக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு சோடாக் கம்பெனி விளம்பரம் மங்கிப்போய் இருக்கிறது. அதன் மேலே இந்த நாலு எண்ணையும் எழுதலாம், பெயின்ட் செலவு பெரிதாக வராது.

*

இலங்கை உதைபந்தாட்டச் சம்மேளனத்தை ஃபீஃபா 2023 ஜனவரியில் தடைசெய்தது. ஆகஸ்டில்தான் தடை நீங்கியது. தேர்தல் சண்டை, அரசியல் தலையீடு. அந்த மாதங்களில் இந்த நாட்டு அணிக்குச் சர்வதேச ஆட்டமே இல்லை. ஒரு வீரனின் கால் எத்தனை வருஷம் தாங்கும்? அதில் ஏழு மாதத்தைக் கூட்ட அறையில் உட்கார்ந்தவர்கள் தின்றார்கள். இதைப் பற்றி நிறைய எழுதலாம். எழுதினால் கோபம்தான் வரும்.

*

2018இல் சத்யனைப் பற்றி மலையாளத்தில் படம் வந்தது. ‘கேப்டன்’. பிரஜேஷ் சென் இயக்கம், சத்யனாக ஜெயசூர்யா. அந்த வருஷத்துச் சிறந்த நடிகருக்கான கேரள அரசு விருது இதற்கும் சேர்த்து அவருக்குக் கிடைத்தது. இறந்து பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு ஒரு பின்கள வீரரை முழுநீளப் படத்தின் நடுவில் நிறுத்தினார்கள் என்பதே பெரிய விஷயம். பையன்கள் போனில் பார்த்தார்கள், பாஷை பாதி புரிந்தது, பந்து முழுவதும் புரிந்தது. விஜயனுக்கு 2025இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். சோடா விற்றவர், இன்னும் மைதானத்துக்குப் போகிறவர். ஒரே பொலிஸ் அணி, ஒரே சம்பளப் பட்டியல், ஒருவர் அந்தப் பக்கம், ஒருவர் இந்தப் பக்கம். ஏன் என்று கேட்டால் திறமையை வைத்துப் பதில் சொல்ல முடியாது. உழைப்பை வைத்தும் முடியாது. இப்படிப்பட்ட இடங்களில் காரணம் கண்டுபிடிப்பவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் விலகி உட்காரத் தோன்றும்.

*

தைப்பொங்கல் போட்டிக்கான கமிட்டிக் கூட்டம். வழக்கம்போல் பழைய வீரர்களுக்குப் பொன்னாடை என்று ஒருவர் முன்மொழிந்தார், இன்னொருவர் வழிமொழிந்தார். எனக்குப் பொன்னாடை மேல் பெரிய மரியாதை கிடையாது. போர்த்துகிறபோது பார்க்கிறோம், பிறகு அவர் அதை மடித்து டிரங்குப் பெட்டியில் வைக்கிறார், நாமும் அவரை மடித்து வைத்துவிடுகிறோம். ஆனாலும் கை தூக்கினேன். வாட்சர் மாமாவின் பெயரும் பட்டியலில் இருந்தது.

பையன் ஒருவன் சொல்லத்தான் போனான். வந்து பின்வரிசையில் நின்றுகொண்டு கையை உயர்த்தினான்.

“மாமா பொன்னாட வேணாம்னு சொல்றாரு. அந்தக் காசுக்கு முட்டிக்குப் போடுற பெல்ட் ஒன்னு வாங்கிக் குடுங்கன்னு சொல்றாரு. நுவரெலியா டவுன்ல வெல எல்லாம் கேட்டு வச்சிருக்காராம். அதப் போட்டுக்கிட்டா கிரவுண்டுக்கு ஏறி வருவாராம். ஆனா ரெண்டு முட்டிக்கும் வேணுமாம்.”

பொருளாளர் கணக்குப் புத்தகத்தைத் திறந்தார். பொன்னாடைக்கு ஏற்கெனவே முற்பணம் கொடுத்தாயிற்று, கடைக்காரர் திருப்பித் தரமாட்டார் என்றார். ஒரு முட்டிக்கு இந்த வருஷம், மற்ற முட்டிக்கு அடுத்த வருஷம் என்று ஒருவர் சமாதானம் சொன்னார். ஒற்றை முட்டியோடு எப்படி ஏறுவார் என்று செயலாளர் எகிறினார். சோடாக் கம்பெனிக்காரரிடம் கேட்போம் என்று யாரோ சொல்ல, அந்தக் கம்பெனி மூடி எத்தனை காலம் என்று அதற்கு ஒரு தனிச் சண்டை. நிகழ்ச்சிநிரலின் இரண்டாவது விடயமே அன்று தொடங்கவில்லை.